"மூணு பேருக்கு மேல ஏத்தினீங்களா?"

போன வருஷம் மாமாவின் ஆட்டோ கானுக்குள் சாய்ந்தது. நமுனுகுலைப் பக்கமிருந்து எல்லைக்கு, அதாவது எல்ல டவுனுக்கு, வருகிற பாதை. மழை பெய்து ஓய்ந்த காலை. வளைவில் டயர் வழுக்கிவிட்டது. உள்ளே ஐந்து ஸ்கூல் பிள்ளைகள். ஒருத்திக்கு முழங்கையில் சிராய்ப்பு, மற்றவர்களுக்குப் பயம் மட்டும்தான். வண்டிக்குத்தான் அடி: முன்கண்ணாடி போய், முன்பக்கம் வளைந்து, ஒரு பக்கத் தகடு நசுங்கியிருந்தது.

மாமா 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' போட்டவர். அவர் ஆசைப்பட்டுப் போடவில்லை. லீசிங்கில் எடுத்த வண்டி, ஃபுல் இன்ஷூரன்ஸ் இல்லாமல் லீசிங்காரன் சாவியைத் தரமாட்டான். கம்பெனிக்குக் கோல் எடுத்தார். ஒருவர் பைக்கில் வந்தார், போனில் படம் எடுத்தார், பிறகு கேட்ட முதல் கேள்வி: "மூணு பேருக்கு மேல ஏத்தினீங்களா?"

மாமா பொய் சொல்லத் தெரியாத ஆள். "அஞ்சு பேரு தம்பி, சின்னப் புள்ளைங்கதானே" என்றார். ரெண்டு வாரத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதை வட்ஸ்அப்பில் படம்பிடித்து கம்பஸில் இருந்த எனக்கு அனுப்பினார். நான்தான் படித்துச் சொன்னேன்: அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றியது ஒப்பந்த நிபந்தனையை மீறியது, ஆகவே பணம் இல்லை. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். எந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்தை எடுத்தாலும் இப்படி ஒரு வரி எங்காவது இருக்கும்.

சட்டப்படி அவர்கள் சொன்னது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. என் கேள்வி வேறு. ஏழு வருஷமாக மாமா காசு கட்டினார். ஏழு வருஷமும் ஒவ்வொரு காலையும் அந்தப் பிள்ளைகளை ஏற்றினார். புதுப்பிக்கப் போன ஏழு தடவையில் ஒரு தடவையாவது யாராவது "எத்தனை பேரை ஏத்துறீங்க?" என்று கேட்டார்களா? கேட்கவில்லை. காசு வாங்கும்போது வராத கேள்வி, காசு கொடுக்கவேண்டிய அன்றைக்குத்தான் வந்தது.

போக்குவரத்துக் குற்றத்துக்கும் காப்புறுதிக்கும் நம் நாட்டில் சம்பந்தமே இல்லை, வெளிநாட்டில்தான் உண்டு என்று பலர் எழுதுகிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. விழுந்த பிறகு மட்டும் இருக்கிறது.

கட்டணம் எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். என்ன வாகனம், எத்தனையாம் ஆண்டு, சந்தை விலை என்ன, சொந்தப் பாவனைக்கா வாடகைக்கா, இதுவரை இழப்பீடு கேட்டீர்களா. அவ்வளவுதான். ஓட்டுகிற ஆள் எப்படி ஓட்டுகிறார் என்ற கேள்வி அதில் இல்லை. பத்து வருஷம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி முந்திக்கொண்டு, வளைவில் ஹோர்ன் மட்டும் அடித்துக்கொண்டு பறக்கிறவன், எதிலும் மோதாமல் தப்பிவிட்டால் அவனுக்கு முழு 'நோ க்ளெய்ம் போனஸ்'. சில கம்பெனிகளில் அந்தக் கழிவு பாதிக்கும் மேலே போகும். கடைக்கு முன்னால் ஒழுங்காக நிறுத்திவைத்த வண்டியை எவனோ இடித்துவிட்டு ஓடினால், அதற்கு இழப்பீடு கேட்டவருக்குப் போனஸ் குறையும். அதனால்தான் நம் ரோட்டில் பாதி விபத்து பொலிஸுக்கும் போவதில்லை, கம்பெனிக்கும் போவதில்லை. ஓரமாக நின்று "ஒரு பத்தாயிரம் குடுங்க அண்ணே, முடிச்சிருவோம்" என்று முடிந்துவிடும். தப்பைச் சொல்லாமல் விட்டவனுக்குக் கழிவும், சொன்னவனுக்குக் கட்டணமும் கொடுக்கிற முறை இது.

இதற்கு நடுவில் வாகன இறக்குமதி 2020இல் நின்றது. பழைய ஆட்டோவின் விலை எங்கேயோ ஏறியது. கட்டணம் வண்டி விலையைப் பார்த்துப் போடுவதால் அதுவும் ஏறியது. ஒரு குற்றமும் செய்யாமல், ஓட்டுவதில் எதுவும் மாறாமல், கட்டணம் மட்டும் கூடியது. கட்ட முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? வண்டி விலையைக் குறைத்துக் காட்டினார்கள். பன்னிரண்டு லட்சம் பெறுகிற வண்டியை ஆறு லட்சம் என்று போட்டால் கட்டணம் குறையும்தான். ஆனால் ஒரு லட்சத்துக்குச் சேதம் வந்தால் ஐம்பதாயிரம்தான் கைக்கு வரும், மதிப்பில் பாதிக்குத்தானே காப்புறுதி என்று கணக்குப் போடுவார்கள். இந்த விதியும் விழுந்த பிறகுதான் தெரியவரும்.

இனி எல்ல விபத்துக்கு வருகிறேன். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில், தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா வந்து திரும்பிய பஸ் பள்ளத்தில் போனது. பதினைந்துக்குக் குறையாத உயிர்கள். ராவணா நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போன எல்லாருக்கும் அந்த வீதி தெரியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. அதற்கு நாலு மாதம் முன்னால், மே 11ஆம் திகதி, கொத்மலை கெரண்டி எல்லவில் கதிர்காமத்திலிருந்து குருணாகலுக்குப் போன பஸ் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வருஷம் முழுக்க டிவியில் ஒரே பேச்சு: பிரேக், சீட் பெல்ட், தூக்கக் கலக்கம், குறைப்புள்ளி. தண்டத்தைக் கூட்டு, சாரதியைப் பிடி. யாரோ ஒருவர் கட்டாயம் சொல்வார்: "இங்கிலாந்தில பாருங்க, ஒரு பொயின்ட் விழுந்தா இன்ஷூரன்ஸ் கூடுது. இங்கயும் அப்பிடி வரணும்."

சரி, அதையும் பார்ப்போம். பிரிட்டனில் மூன்று வருஷத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் லைசன் போகலாம். காப்புறுதி கேட்கிறபோது கடந்த ஐந்து வருஷத் தண்டனைகளைச் சொல்லவேண்டும், கட்டணம் அதைப் பார்த்து ஏறும். கனடாவின் ஒன்டாரியோவிலும் வேகத்துக்குப் பிடிபட்டால் அடுத்த புதுப்பிப்பில் தெரியும். அங்கே உங்கள் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப்பாருங்கள், இன்னொன்றும் சொல்வார்கள்: ஸ்காபரோ, பிராம்ப்டன் முகவரி என்றாலே கட்டணம் கூட. நல்லா ஓட்டினாலும் கூட. இந்தியாவில் 2019 செப்டெம்பரில் தண்டங்களைப் பலமடங்கு கூட்டினார்கள். 2021இல் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒரு குழு, போக்குவரத்து மீறல்களுக்கு ஏற்பப் பிரீமியத்தில் ஒரு பகுதியைச் சேர்க்கலாம் என்று பரிந்துரை எழுதியது.

கொள்கையாகப் பார்த்தால் இது நியாயம்தான், மறுக்கமாட்டேன். மலைப்பாதையில் குடித்துவிட்டு ஓட்டுகிறவனும் நிதானமாக ஓட்டுகிறவனும் ஒரே கட்டணம் கட்டுவது அநியாயம். ஆனால் அப்படியே தூக்கிக்கொண்டுவந்து ஊவாவில் வைத்தால் யார் தலையில் விழும்?

புள்ளி எங்கே விழும் என்றால், பொலிஸ் நிற்கிற இடத்தில் விழும். பொலிஸ் நிற்பது டவுன் சந்தியில். அங்கே மாட்டுவது எங்கள் ஆட்டோக்காரர்கள்: ஆள் கூட, இண்டிகேட்டர் வேலை செய்யவில்லை, வரிப்பத்திரம் முடிந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு எல்ல இறக்கத்தில் ஒரு டூர் பஸ் எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் இறங்குகிறது என்று அளக்க அங்கே ஆள் இல்லை. உயிரை எடுக்கிற குற்றம் பதிவாவதே இல்லை. பதிவாகிற குற்றத்தில் பாதி, ஏழைத்தனத்தின் வேறு பெயர்.

மாமா ஏன் ஐந்து பிள்ளைகளை ஏற்றினார்? தோட்டத்துக்கு ஸ்கூல் நேரத்தில் பஸ் இல்லை. வருகிற பஸ்ஸும் மழை நாளில் மேலே ஏறாது. ஐந்து குடும்பம் சேர்ந்தால்தான் மாதக் காசு கட்டுப்படியாகும். 2024 செப்டெம்பரில் கூட்டிய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். 2017 வரவு செலவுத் திட்டத்தில் சில குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபாய் தண்டம் என்று அறிவித்தார்களே, தனியார் பஸ்காரர்கள்கூட வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்தத் தொகையை இந்தச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கிற ஒருத்தியின் பதினெட்டு நாள் உழைப்பு. பஸ் கம்பெனி முதலாளிக்கு அது ஒரு டயரின் விலைகூட இல்லை.

கம்பஸில் ஒரு நண்பன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப சட்டத்த மீறலாம்னு சொல்றியா? அந்த ஐந்து புள்ளைல ஒண்ணு செத்திருந்தா?" என்றான். நியாயமான கேள்வி. செத்திருந்தால் மாமாவை நானே மன்னித்திருக்கமாட்டேன். மூன்று பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற விதி சரியான விதி. இந்த விபத்துக்குப் பிறகு மாமா மூன்று பேரைத்தான் ஏற்றுகிறார். மற்ற ரெண்டு பிள்ளைகள் அதே வளைவில், அதே கான் ஓரத்தில், லொறிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து போகிறார்கள். விதி காப்பாற்றப்பட்டது. பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்புக் கூடியது?

பசறைப் பக்கத்து ஆட்கள் 2021 மார்ச் 20ஐ மறக்கமாட்டார்கள். லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ், 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. பத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அந்த இடத்தில் ஒரு பெரிய பாறை முன்பே சரிந்து வீதியை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. விபத்துக்குப் பிறகு எடுத்தார்கள். சாரதிக்குப் புள்ளி போடலாம், கட்டணம் கூட்டலாம். பாறையை அங்கேயே விட்டவர்களுக்கு எந்தப் பத்திரத்தில் புள்ளி போடுவது?

ஆகவே என் நிலைப்பாடு இதுதான். குற்றத்தையும் கட்டணத்தையும் இணைப்பதென்றால், பஸ் உரிமையாளரிடம் தொடங்குங்கள். வேகம், குடி, வளைவில் முந்துதல், பிரேக் பார்க்காமல் வீதிக்கு விடுதல் என்று உயிரை எடுக்கிற குற்றங்களை மட்டும் எடுங்கள். அவை பதிவான பஸ்ஸின் அடுத்த வருஷக் கட்டணம், சாரதியை மாற்றினாலும் குறையாமல், உரிமையாளரின் பையிலிருந்து போகட்டும். இன்றைக்கு விபத்து நடந்தால் சாரதி உள்ளே போகிறான், முதலாளி புது சாரதியைத் தேடுகிறான். சாரதியை இரவு பகலாக ஓட்டவைக்கிறவனுக்குச் செலவு கூடினால்தான் தூங்குவதற்கு நேரம் கொடுப்பான். லைட் எரியாத ஆட்டோவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்குத் தண்டச்சீட்டு போதும்.

அதோடு, காசு வாங்குகிற அன்றைக்கே நிபந்தனையைத் தமிழில் சொல்லவேண்டும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் பெயருக்கு இருமொழிப் பிரிவுகள். ஆனால் தண்டச்சீட்டில் எழுதுவது சிங்களத்தில், காப்புறுதி ஒப்பந்தம் ஆங்கிலத்தில். மாமாவுக்குக் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும். 2025 ஓகஸ்ட்டிலிருந்து வெளிநாட்டுக்காரர் கட்டுநாயக்காவில் இறங்கியவுடன் அங்கேயே தற்காலிக லைசன் எடுக்கலாம். அவ்வளவு வசதி செய்யத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் அச்சடிக்கத் தெரியாதா?

அதுவரைக்கும், வீட்டில் ஆட்டோவோ வேனோ வைத்திருக்கிறவர்கள் அடுத்த புதுப்பிப்புக்கு அப்பாவையோ மாமாவையோ தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போங்கள். வண்டியின் விலை எவ்வளவு என்று போட்டிருக்கிறது, சொந்தப் பாவனையா வாடகையா, எத்தனை ஆள், ஓட்டுகிறவரின் லைசனில் அந்த வகை வாகனம் இருக்கிறதா, எந்தக் காரணத்துக்குப் பணம் தரமாட்டீர்கள். இந்த ஐந்தையும் கவுண்டரில் கேட்டு, பதிலை அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். மாமாவின் பத்திரம் மார்ச்சில் முடிகிறது. நான் லீவு போட்டுவிட்டேன்.