குகேஷை வெல்ல வைத்தது தொடக்கமா, பொறுமையா?

மாஹிம்: சதுரங்கத்தில் 'ஓப்பனிங்' எனப்படும் தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்தவனே ஜெயிப்பான் என்ற பேச்சு பலமாக இருக்கிறது. கம்ப்யூட்டரும் தனி ஆசிரியரும் இல்லாத வீட்டுக்கு இந்த ஆட்டம் எதற்கு என்று மாஹிம், தாராவித் தமிழர்கள் ஒதுங்கினால் வியப்பில்லை. ஆனால் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த ஆட்டம் வேறு கதை சொல்கிறது.

உலக சாம்பியன் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம் அது. சீனாவின் டிங் லிரெனுக்கும் சென்னையின் 18 வயது குகேஷுக்கும் அதுவரை ஆளுக்கு ஆறரைப் புள்ளி. வெள்ளைக் காய் டிங்குக்கு. முதலில் குதிரையை நகர்த்தி 'ரெட்டி' முறையில் தொடங்கினார். நடுக் கட்டங்களைச் சிப்பாய்களால் உடனே பிடிக்காமல், ஓரத்தில் நிறுத்திய மந்திரியால் தூரத்திலிருந்தே குறிவைப்பது இம்முறை. (இங்குள்ள நம் பிள்ளைகள் அந்தக் காயை 'ஊண்ட்' என்று ஒட்டகமாக்கி விட்டார்கள்!)

இந்தத் தொடக்கத்தால் டிங்குக்குப் பெரிய லாபம் எதுவும் கிட்டவில்லை. காய்கள் வெட்டுப்பட்டு, இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷிடம் ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். இத்தகைய நிலை பெரும்பாலும் டிராவில்தான் முடியும். குகேஷ் விடவில்லை, நகர்த்திக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் டிங், யானைக்கு யானை வெட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். அங்கேதான் சறுக்கல். அவருடைய மந்திரி மூலைக் கட்டத்தில் கிடந்தது. குகேஷ் யானையை வெட்டிவிட்டுத் தம் மந்திரியை அதற்கு எதிரே நிறுத்தியதும் தப்ப வழியில்லை. மந்திரிகளும் போனபின் அந்த ஒற்றைச் சிப்பாயே ஆட்டத்தை முடித்தது. 58 நகர்த்தல்களோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

வசதியே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. குகேஷின் தந்தை மருத்துவத் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகச் சென்றவர். போலந்து நாட்டுப் பயிற்சியாளரும் உடனிருந்தார். ஆனால் அதெல்லாம் பிந்தைய கட்டம். சென்னையில் இந்த விளையாட்டு வேர்விட்டது, 1972-ல் சோவியத் கலாசார மையத்தில் மானுவல் ஆரோன் தொடங்கிய டால் சதுரங்க மன்றம் போன்ற இடங்களில்தான். சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகியதும் அங்கேதான்.

இப்பகுதித் தமிழ் மன்றங்களில் விழா முடிந்ததும் பூட்டிக் கிடக்கும் அறைகள் உண்டு. சனிக்கிழமை மாலையில் அங்கே நாலு பலகைகள் விரிக்க அதிகச் செலவாகாது.