இரண்டு வரிசைக்குள் அடங்காத பறை

"அக்கா, நாம அடிக்கிறதுதான் தப்பா இருக்குமோ?"

கேட்டவன் பழவேற்காட்டுக் காலனியைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பையன். கள ஆய்வுக்கு நான் போகும் நாட்களில் என் மடிக்கணினியை வாங்கிக்கொள்வான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளில் கட்டம் கட்டமாகத் தொட்டுப் பாட்டு அமைப்பான். அன்று சித்தப்பாவின் பறையடியை அதில் ஏற்றப் பார்த்தான். சுரங்களுக்கு மூன்று ஆக்டேவ் இருந்தது. தாளத்துக்கு இரண்டே வரிசை.

பறையில் வலக்கையில் அடிகுச்சி, இடக்கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. நடுவில் விழும் அடி வேறு, ஓரத்தில் வேறு, தோலில் அழுத்தி நிறுத்துவது வேறு. தீயில் காய்ச்சக் காய்ச்சச் சுருதியும் ஏறும். எல்லாம் சேர்ந்து 'டம்', 'டிக்' என்று ஆகிவிட்டது. பையன் தன் கையைத்தான் சந்தேகப்பட்டான்.

இத்தகைய மென்பொருள்களின் பின்னால் இருப்பது 1983இல் வந்த மிடி என்ற பொது மொழி. அதில் 128 சுர எண்கள் உண்டு. பியானோவின் 88 கட்டைகளைவிட அதிகம். ஆகவே இடம் போதாதது சிக்கல் இல்லை. ஒரு ஆக்டேவைப் பன்னிரண்டாக வெட்டியதுதான் சிக்கல். பாட்டி இழுத்துப் பாடும் ஒப்பாரி அந்த வெட்டுகளுக்கு இடையில்தான் நடமாடுகிறது. வளைக்க மிடியில் வழி இருக்கிறது. எளிய மென்பொருள்கள் அதைக் காட்டுவதில்லை.

1991இல் 'ஜெனரல் மிடி' என்று ஒரு பொதுப் பட்டியல் வந்தது. 128 ஒலிகளில் சித்தாருக்கும் ஷெனாய்க்கும் இடம் கிடைத்தது. தாளத்துக்கு 47 ஒலிகள், பறை இல்லை. ஆனால் அடிமைகளாகக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் கியூபாவில் வளர்த்தெடுத்த கொங்கா இருக்கிறது. உயர் கொங்காவை அடைத்து அடித்தால் 62, திறந்து அடித்தால் 63. ஓர் அடிக்கும் இன்னொரு அடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணினி அறியாது என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டவர்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள்.

பழவேற்காட்டில் 'பாடு' என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்று வகுக்கும் முறை அது. பட்டினவர் குடும்பத்து ஆண்களுக்குப் பிறப்பால் வரும் உரிமை. நல்ல வள மேலாண்மை என்று என்னைப் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பாராட்டி எழுதுவதுண்டு. குலுக்கல் உண்டு, முறை உண்டு, நியாயமும் உண்டு, பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு. தலித் மீனவர்களும், சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அதற்கு வெளியே. ஏரியின் எல்லை இயற்கை போட்டது. பாட்டின் எல்லை மனிதர் போட்டது. மென்பொருளின் கட்டங்களையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

'பறையைக் காப்போம்' என்று உருகுகிற கட்டுரை இல்லை இது. சாவு வீட்டில் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த குடும்பங்களின் சுயமரியாதை எனக்குப் பெரிது. இந்தப் பையனும் சாவுக்குப் போக விரும்பவில்லை. ஆனால் அந்த அடி அவனுக்குப் பிடித்திருக்கிறது. கணினியில் பாட்டு செய்ய முடிந்தால், அடி அவனிடம் இருக்கும், அடிமைத் தொழில் இருக்காது. அந்த வாசலில்தான் இரண்டு வரிசை வந்து நிற்கிறது.

ஈராக்கிய வம்சாவளி இசைக்கலைஞர் கய்யாம் அல்லாமி, பன்னிரண்டு வெட்டுக்குள் அடங்காத இசைக்காக 2021இல் 'லெய்மா', 'அபோட்டோம்' என்ற இரு மென்பொருள்களை உலாவியிலேயே இலவசமாகத் திறந்துவிட்டார். நம் அரசு இசைக் கல்லூரிகளும் இயல் இசை நாடக மன்றமும் பறையின் ஒவ்வோர் அடியையும் பதிவு செய்து, கலைஞர்களுக்கு ஊதியமும் பெயரும் கொடுத்து, பொதுவில் வைக்கலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை.

அதுவரை எங்களிடம் ஒரு கைபேசி இருக்கிறது. சித்தப்பா பதினோரு அடிகளைத் தனித்தனியாக அடித்துக் கொடுத்தார். கோப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்றார், இருக்கிறது. சிண்டை மட்டும் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். ஏரிக் காற்று நிறைய விழுந்துவிட்டது.