நடைபாதையும் ஓர் உப்பு வாளியும்



"அம்மம்மா நடைபாதையைப் 'பேவ்மென்ட்' என்கிறா, அது தமிழா?" என்று இளைஞர் கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள்.

தமிழில்லை. 'பவீரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அடித்து இறுக்குவது என்று பொருள். ஊரில் மண் தரையைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவார்களே, அந்த வேலைதான். அமெரிக்காவிலோ அதே சொல் வாகனம் ஓடும் தரையைக் குறிக்கும். அங்கே போய் "பேவ்மென்டில் நட" என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்! பிலாத்து நியாயாசனத்தில் உட்கார்ந்த கபத்தாவுக்கும் (யோவான் 19:13) ஆங்கில வேதாகமம் இந்தச் சொல்லையே போட்டிருக்கிறது. தமிழில் அது தளவரிசை.

டெனிஷில் 'ஃபோர்டோவ்' என்போம். 'காங்ஸ்டி' என்றும் ஒரு சொல் உண்டு: காங் என்றால் நடை, ஸ்டி என்றால் பாதை. அப்படியே நம்முடைய சொல்!

பனிக்காலத்தில் எங்களைப் போன்ற தாதிமாருக்கு ஃபோர்டோவ் என்றாலே முறிந்த மணிக்கட்டும் இடுப்பெலும்பும்தான் நினைவுக்கு வரும். வாசலுக்கு முன்னால் பனி அள்ளி உப்புப் போடுவது வீட்டுக்காரர் கடமை. கிழமை நாட்களில் காலை 7 மணியிலிருந்து, ஞாயிறு 8 மணியிலிருந்து, இரவு 10 மணி வரை.

ஆலயத்துக்குப் புறப்படும் அவசரத்தில் நாங்கள் ஒரு ஞாயிறு அதை விட்டுவிட்டோம். பக்கத்து வீட்டு மூதாட்டி எங்கள் வாசலில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் பனி உருகும்வரை அவர் தனியாக வெளியே வரவேயில்லை. கடைச் சாமான்களை நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம்.

இப்போது உப்பு வாளி எங்கள் கதவடியிலேயே நிற்கிறது. உங்கள் வீட்டில் இந்த ஞாயிறு யாருடைய முறை?