கார்பன் தேயட்டும்!

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்து ஒரு மாதம் கழித்து மல்லாங்கிணறு பக்கம் போய்ப் பாருங்கள். பொங்கல் பொருட்காட்சியில் பிள்ளை தரையில் உருண்டு புரண்டு வாங்கிய ரிமோட் கார், ஏதாவது ஒரு திண்ணையில் மல்லாந்து கிடக்கும். 'மோட்டார் போச்சு, தூக்கிப் போடு!' என்று அப்பா தீர்ப்பு சொல்லியிருப்பார். பிள்ளை ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்து வந்தால், 'எய்யா, அதை நோண்டாத... போய்ப் படி!' என்று பாட்டியின் உபதேசமும் கிடைத்திருக்கும்.

மதுரையிலும் மாம்பலத்திலும்கூட இதே கதைதான். திண்ணைக்குப் பதில் பால்கனி, அவ்வளவே வித்தியாசம்!

என் வாதம் இது. அந்த கார் தானாகச் சாகவில்லை, நாம்தான் சாகடித்தோம். கூடவே, கழற்றிப் பார்க்கத் துடித்த ஒரு கையையும்.

கோபப்படாமல் கேளுங்கள். ஓடாத காரைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது என்ன? அச்சில் சுற்றிக்கொண்ட தலைமுடி. பேட்டரி கம்பியில் பூத்த பச்சைக் களிம்பு. பற்றவைத்த இடத்தில் விட்டுப்போன வயர். பல் உடைந்த கியர். இத்தனை பேரையும் விசாரித்த பிறகுதான் மோட்டார் மேல் கை வைக்க வேண்டும். நாமோ எஃப்.ஐ.ஆர். போடாமலே தூக்கில் போடுகிறோம்.

சரி, மோட்டாரேதான் மக்கர் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன இருக்கிறது? வளைந்த இரண்டு காந்தம். நடுவில் செம்புக் கம்பி சுற்றிய ஆர்மேச்சர். அதன் கழுத்தில் துண்டு துண்டாகச் செம்பு வளையம். பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் பிளவு வளையம். காயில் கட்டுகிற கடையில் கம்யூடேட்டர். அதை இரண்டு பக்கமும் உரசியபடி நிற்பது பிரஷ். சின்ன பொம்மை என்றால் மெல்லிய உலோகத் தகடு, பெரிய மோட்டார் என்றால் கார்பன் கட்டி. மின்சாரம் அந்த உரசல் வழியாகத்தான் சுழலும் காயிலுக்குள் போகிறது. உரசினால் தேயும், தேய்ந்தால் தூசி, தூசி சேர்ந்தால் பொறி பறக்கும், பொறி பறந்தால் வளையம் கறுக்கும், கறுத்தால் ஓட்டம் குறையும். வியாதியின் மொத்த வரலாறும் இவ்வளவுதான்.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தேய்மானம் என்பது லெட்ஜரில் எழுதுகிற ஒரு கணக்கு. மெஷின் தேயும், அதற்காக வருஷா வருஷம் ஒரு தொகையை ஒதுக்கு என்று சொல்லித்தந்தார்கள். அந்தக் கணக்கைக் கையில் தொட்டுப் பார்க்க முடியும் என்று காட்டியது மிக்ஸி கார்பன்தான். செம்பு வளையம் விலை உயர்ந்தது. அது தேயாமல் இருக்க, அதைவிட மெத்தென்ற கார்பனைத் தேயக் கொடுக்கிறார்கள். ஆர்மேச்சர் பிழைக்கக் கார்பன் உயிரை விடுகிறது. 'நான் தேய்வேன், என்னை மாற்று' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிற நேர்மையான பாகம் அது. மிக்ஸி விலையோடு பார்த்தால் அதன் விலை சில்லறைக் காசு. அந்தச் சில்லறைக்காக மிக்ஸியையே எக்ஸ்சேஞ்ச் மேளாவில் தள்ளிவிடுகிறோமே, இது எந்த ஊர் கணக்கு?

இதே மோட்டாரை வைத்து வெளிநாட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜப்பானின் தமியா கம்பெனி 1976-ல் தன் முதல் ரிமோட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாகம் பாகமாகப் பெட்டியில் வரும். வாங்கியவரே மோட்டாரைப் பொருத்த வேண்டும். 1985-ல் அமெரிக்காவில் மின்சார ரிமோட் கார்களுக்கு உலகப் போட்டியே நடந்தது. அந்தக் காலப் பந்தயக்காரர்கள் மோட்டாரை வளர்த்த விதத்தைக் கேட்டால், காரியாபட்டிப் பக்கம் காளை வளர்ப்பவர்கள்கூட மூக்கில் விரல் வைப்பார்கள்.

புது மோட்டாரை எடுத்ததும் முழு வேகத்தில் விடமாட்டார்கள். இரண்டு மூன்று வோல்ட்டில் மெதுவாகச் சுழலவிட்டு, கார்பனின் முகம் வளையத்தின் வளைவுக்குப் படியும்வரை காத்திருப்பார்கள். பந்தயம் முடிந்தால் மோட்டாரைப் பிரிப்பார்கள். கறுத்த வளையத்தைத் துடைப்பார்கள். மேடு பள்ளம் விழுந்திருந்தால் கைக்கடக்கமான ஒரு லேத்தில் மயிரிழைக்குக் கடைசல் போடுவார்கள். பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங்கை மாற்றிப் பார்ப்பார்கள். அழுத்தம் கூடினால் உராய்வு அதிகம். குறைந்தால் வேகம் கூடும், ஆனால் பொறி பறந்து வளையம் எரியும். காயிலில் சுற்று குறைந்தால் வேகம், கூடவே சூடு. பிரஷ் நிற்கும் கோணத்தைக் கொஞ்சம் திருப்பினாலும் அப்படியே. எதையும் இலவசமாகத் தராத மோட்டார் அது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றில் கழித்துக்கொள்ளும். இதைவிடச் சிறந்த பொருளாதாரப் பாடத்தை எனக்கு எந்தப் பேராசிரியரும் நடத்தியதில்லை.

ஜப்பான் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? சரி, பம்பாய்க்கு வாருங்கள். 1960-களின் தொடக்கத்தில் மாதுரி மாத்தூர் என்பவர் வீட்டில் ஜெர்மன் மிக்ஸி ஒன்று எரிந்துபோனது. இங்கே பழுதுபார்க்க வழியில்லை. கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸ் கம்பெனி இன்ஜினீயர். நம் ஊர் உளுந்துக்கும் மஞ்சளுக்கும் ஈடுகொடுக்கிற மோட்டாரை நாமே செய்வோம் என்று இறங்கினார். அதுதான் சுமீத்! நம் அம்மாக்களை அம்மியிலிருந்து எழுப்பிவிட்ட மிக்ஸி, ஒரு கெட்டுப்போன மோட்டாரைத் தூக்கிப் போட மனசில்லாத வீட்டிலிருந்து வந்தது.

இன்று அந்த மனசை யார் மூடுகிறார்கள்? நாலு பேர்.

ஒன்று, செய்கிறவர். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ போடுவது நியாயம். சின்னக் குழந்தை பேட்டரியை விழுங்கிவிடக் கூடாது. ஆனால், காரின் வயிற்றையே பசை போட்டு ஒட்டுவது எதற்கு? திறந்தால் பிழைத்துவிடும், அடுத்த வருஷப் பொங்கலுக்கு இன்னொன்று விற்காதே!

இரண்டு, சர்க்கார். 2020-ல் விளையாட்டுப் பொருள் இறக்குமதி வரியை 20-லிருந்து 60 சதவிகிதமாக்கினார்கள், 2023-ல் 70. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றார்கள். எல்லாம் சரி. 2022-ல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டு, விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். பொம்மை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதே வருஷம் வெளியிட்ட மின்குப்பை விதிகளில் பந்தய கார் பொம்மைக்கு இடம் உண்டு! குப்பையாகும்போது கண்ணுக்குத் தெரிகிற பொருள், பிழைக்க வழி கேட்கும்போது தெரியவில்லை.

மூன்று, பள்ளிக்கூடம். 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலைச் சுருக்கியபோது மின்மோட்டார் பாடத்தையும் சேர்த்து வெட்டியது. டார்வினை நீக்கியதற்கு 1,800-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். நல்லது. மோட்டாருக்கு அப்படி ஒரு கூட்டம் சேரவில்லை. 2018-ல் வந்த நம் தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் மோட்டார் உண்டு. அதில் படம் வரைந்து பாகம் குறித்த பிள்ளைகளில் எத்தனை பேர் பிரஷ்ஷை விரலால் தொட்டிருப்பார்கள்? உங்கள் வீட்டுப் பிள்ளையையே கேட்டுப் பாருங்கள்.

நான்காவது ஆள்... நாம்தான்.

விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு பழைய பாவம் உண்டு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பிஞ்சுக் கைகளை வேலை வாங்கிய பாவம். 1986-ல் சட்டம் வந்தது. 1996-ல் சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். பிள்ளைகளின் கையைத் தொழிற்சாலையிலிருந்து விடுவிக்க இத்தனை போராட்டம். விடுவித்த கையில் என்ன கொடுத்தோம்? கைடு! வேலை செய்யும் கை என்றாலே ஏழ்மையின் கை என்று பயந்துபோனோம். சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்ததே, 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலை நேரில் கற்றுக்கொண்டு திரும்பியதால்தான். வேலை வாங்கப்படும் கை வேறு, தானாகத் தேடிக் கற்கும் கை வேறு. இரண்டையும் ஒரே தராசில் போட்டுவிட்டோம்.

'இப்போதுதான் பிரஷ்ஷே இல்லாத மோட்டார் வந்துவிட்டதே சார்' என்பீர்கள். வந்துவிட்டது. தேயாது, சூடு குறைவு, கரன்ட் மிச்சம். பந்தயத்திலும் 2000-களுக்குப் பிறகு மெள்ள மெள்ள அதுதான் ஜெயித்தது. வாங்குங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால், அதில் பிரஷ் செய்த வேலையை ஒரு எலக்ட்ரானிக் போர்டு செய்கிறது. அது செத்தால் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் பிள்ளைக்குத் தேய்கிற பிரஷ்தான் நல்ல வாத்தியார். தப்பு எங்கே என்று கண்ணுக்கு முன்னால் காட்டிக் கொடுக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அந்த காரை இறக்குங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அச்சு சுழலும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். வளையத்தில் எண்ணெய் படக் கூடாது. கறுத்த செம்பைப் பென்சில் ரப்பரால் துடைக்கட்டும். மிக்ஸி பக்கம் மட்டும் பிள்ளை தனியாகப் போக வேண்டாம். அது வீட்டுக் கரன்ட், ஆளைக் கொல்லும். பட்டாசு, மருந்து இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எந்த மோட்டாரையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். பிரஷ் என்றாலே பொறிதான் என்பதை எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு அட்டைப் பெட்டி வையுங்கள். ஊரில் உள்ள செத்த பொம்மைகள் அதில் வந்து சேரட்டும். திரும்ப மூடும்போது பிரஷ் தகடு வளையும், சில மோட்டார் வீணாகும். ஆகட்டும். ஒரு குட்டி மோட்டாரின் விலை, டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. அந்தக் காசு மிச்சம் என்று நினைத்து நாம் மூடி வைக்கும் மூளையின் விலையை எந்த லெட்ஜரில் எழுதுவது?