கூகையும் கணக்குப் பாடமும்



நாற்பது வயதைத் தொட்டதும் விருப்ப ஓய்வு பெறலாம் என்னும் வாய்ப்பு நம் நாட்டு அரசாங்க ஆசிரியர்களுக்கு உண்டு. ஆசிரியர் அறையில் இப்பேச்சு அண்மைக் காலமாக அடிக்கடி எழுகிறது. காரணம் கேட்டால் ஆவணப் பணி, இணையப் பதிவு, கூட்டம் என்று நீளும். அவை உண்மைதாம், நானும் சுமக்கிறேன். ஆயினும், ஆண்டுதோறும் அதே பாடத்தை அதே சொற்களில் சொல்வதால் வரும் சலிப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கேட்டால், ஓர் ஆசிரியரை முதலில் வீழ்த்துவது அதுதான்.

நமக்கு உயிரான ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவருவதே நான் கண்ட மருந்து. எனக்குப் பறவைகள். ஆயர் ஈத்தாம் என்றதும் வெளியூரார்க்குச் சாலையோர மட்பாண்டக் கடைகளே நினைவுக்கு வரும். (மண்ணில் ஈடுபாடுள்ள ஆசிரியருக்கு இவ்வூர் சொர்க்கம்!) எனக்கோ செம்பனைத் தோட்டங்கள். எலித் தொல்லையைக் கட்டுப்படுத்த மலேசியத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் பெட்டிக் கூடு அமைத்துக் கூகைகளைக் குடியேற்றுகிறார்கள். கூகை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி வாய்வழியே உமிழ்ந்துவிடும். அவ்வுருண்டைகளைச் சேகரித்து, சூடேற்றிக் கிருமி நீக்கிய பின், கையுறை அணிந்து வகுப்பில் பிரிக்கிறோம். உள்ளே எத்தனை மண்டையோடு? அப்படியானால் ஒரு மாதத்திற்கு எத்தனை எலி? பெருக்கல் வாய்பாட்டுக்கு முகம் சுளிக்கும் மாணவனும் தானே பென்சிலை எடுக்கிறான். மொழிப்பாடத்திற்கும் குறைவில்லை. காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூகையையும் கொக்கையும் எடுத்தாண்டிருக்கிறார் அல்லவா?

“ஆந்தை அபசகுனம், டீச்சர், பிள்ளை வீட்டிலும் அதையே பேசுகிறான்” என்று ஒரு தாயார் குறைபட்டார். எலிக் கணக்கைச் சொன்னேன். அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் மூன்று வரிக்குமேல் எழுதாத அவர் மகன், கூகையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான்.

இது புதுமையன்று. வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேகா 1916இல் குஜராத்தின் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி கல்வி நிறுவனத்தில் சேர்ந்து, 1920இல் அங்கே பால மந்திரைத் தொடங்கினார். அவருடைய ‘பகல் கனவு’ நூலில் வரும் ஆசிரியர், நான்காம் வகுப்பை மௌன விளையாட்டால் அடக்கப் பார்த்துத் தோற்கிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அவர் வசமாகிறது. நம் நாட்டிலும் எழுத்தாளரான ஆசிரியர் கே. பாலமுருகன் சிறுவர்களுக்காக மர்ம நாவல்கள் எழுதியிருக்கிறார். எழுத்தின்மேல் அவருக்குள்ள காதல் அப்படியே பிள்ளைகளின் கைக்குப் போகிறது.

“தேர்வுக்கு நேரம் போதாது” என்பார்கள் சிலர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. பயிற்சி நூல்களை அடுக்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. தலைமையாசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன்: ஓர் ஆசிரியரின் ஈடுபாட்டைக் கண்டதும் அதைப் போட்டியாகவும் கோப்பாகவும் மாற்றி எல்லார் தலையிலும் கட்டிவிடாதீர்கள். பறவையில் நாட்டமில்லாதவருக்குச் சமையலோ காற்பந்தோ பழைய அஞ்சல்தலையோ இருக்கும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எலி எலும்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தால், பயிற்சி நூலில் எத்தனை பக்கம் முடிந்தது என்று கேட்கும் முன், எத்தனை மண்டையோடு கிடைத்தது என்று கேளுங்கள்.