வேல்ஸ் நாட்டுப் பேய்களும் நான் கேட்கத் தவறிய கேள்வியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் வேல்ஸ் கடற்கரைப் படங்களைப் போட்டபோது, "பேய் உலவுவதாகச் சொல்லப்படும் இடம்" என்று விளையாட்டாக ஒரு வரி எழுதிவிட்டேன். பாதிப் பேர் "பார்த்தீர்களா சார்?" என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் என்னோடு சேர்ந்து கிராமம் கிராமமாகப் போய் அறிவியல் கூட்டம் போட்ட தோழர் ஒருவர், "நீங்களுமா சார்?" என்று வருத்தப்பட்டிருக்கிறார். இருவருக்கும் சேர்த்து இந்தப் பதிவு.

மகள் கார்டிஃபில் இருப்பதால் இந்தக் கோடையில் அங்கே போயிருந்தோம். பேரனுக்கு ஒன்பது வயது, பேய்க்கதை என்றால் சோறு வேண்டாம். அவன் நூலகத்தில் இருந்து எடுத்துவந்த புத்தகத்தைப் புரட்டப் போய் நானும் உள்ளே விழுந்துவிட்டேன். வேல்ஸ் பேய்களைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் வர்ட் சைக்ஸ் என்பவரிடம்தான் போய் நிற்கிறார்கள். கார்டிஃபில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்தவர். 1880-இல் 'பிரிட்டிஷ் காப்ளின்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். அலுவலக வேலை போக மீதி நேரத்தில் ஊர் ஊராகப் போய்க் கிழவர்களிடம் கதை கேட்ட மனிதர். அப்படிப்பட்ட அதிகாரிகள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

முதல் நாள் கிளமோர்கன் கடற்கரைக்குப் போனோம். சதர்ன்டவுன் என்ற ஊரின் கீழே டன்ரேவன் விரிகுடா. பலகைகளை அடுக்கி வைத்ததுபோல் அடுக்கடுக்காகப் பாறைச் செங்குத்து. அடியில் நிற்காதீர்கள், கல் விழும் என்று எச்சரிக்கைப் பலகை. மேட்டில் ஒரு கோட்டை மாளிகை இருந்திருக்கிறது, 1963 வாக்கில் இடித்துவிட்டார்கள். மதில் சூழ்ந்த தோட்டம் மட்டும் மிச்சம். அந்த மாளிகைப் பிரபுவைப் பற்றித்தான் இங்கே பெரிய கதை. சொத்தெல்லாம் கரைந்துபோன வாகன் என்ற பிரபு, இரவில் பொய் விளக்குக் காட்டிக் கப்பல்களைப் பாறையில் மோதவிட்டுக் கொள்ளையடித்தாராம். கையில்லாத இடத்தில் இரும்புக்கொக்கி மாட்டிய மாட் என்பவன் அவருக்குக் கூட்டாளி. கடைசியாக உடைந்த கப்பலில் ஒதுங்கிய பிணத்தின் கையை வெட்டி மோதிரத்தோடு கொண்டுவந்து கொடுத்தான். பிரபு பார்த்தால், அது வெளிநாடு போயிருந்த தன் மகனுடைய மோதிரம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டன் கடற்கரை முழுவதும் தேடினாலும், பொய் விளக்குக் காட்டிக் கப்பலைக் கவிழ்த்ததாக நீதிமன்றத்தில் நிரூபணமான வழக்குகள் அரிதிலும் அரிது. கரை ஒதுங்கிய சரக்கை ஊரார் அள்ளிக்கொண்டு போனது உண்மை. அதற்கு மரண தண்டனை என்று 1753-இல் சட்டமே போட்டார்கள். கப்பலைக் கவிழ்க்க அந்தக் கடலுக்கு விளக்கு எதற்கு? பிரிஸ்டல் கால்வாயின் உட்பகுதியில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே 14 மீட்டர் வரை உயர வித்தியாசம் வரும். நான் நிற்கும்போதே கண்ணெதிரே கடல் பின்வாங்கிக்கொண்டு போனது. நம் பக்கக் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒரு அதிசயம்.

கொஞ்ச தூரத்தில் நாஷ் பாயிண்ட். அங்கே நீருக்கடியில் ஒரு மணல்திட்டு. 1831-இல் ஃப்ராலிக் என்ற பயணிகள் நீராவிக் கப்பல் அதில் மோதி, அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் இரண்டு கலங்கரை விளக்கங்கள் கட்டினார்கள். ஆள் இருந்து பார்த்துக்கொண்ட வேல்ஸின் கடைசிக் கலங்கரை விளக்கம் இதுதான், 1998-இல் தானியங்கி ஆகிவிட்டது. இந்தக் கரையோரத்தில் கப்பல் உடைவதற்கு முன்னால் கடல்மேல் ஒரு முனகல் ஒலி நகர்ந்துபோகும், அதற்குக் கஹரைத் என்று பெயர் என்கிறார் சைக்ஸ். காற்றில் நின்று பேரனும் நானும் காது கொடுத்துக் கேட்டோம். "ஒண்ணும் கேட்கல தாத்தா" என்றான். எனக்கும்தான்.

அங்கே இரண்டு இளைஞர்கள் கையில் ஏதோ விளக்கு எரியும் கருவியை வைத்துக்கொண்டு, கைபேசியில் படம் எடுத்தபடி, "யாராவது இருக்கிறீர்களா?" என்று இருட்டப்போகும் வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வந்தது. பிறகு, நானும் அதே ஆள்தானே என்று தோன்றியது. முப்பத்தைந்து வருடம் நான் வகுப்பில் செய்ததும் அதுதான், பதிலை மட்டும் மாற்றிச் சொன்னேன். "இருக்கிறதா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். "இல்லை" என்று நான் சொன்னேன். கேள்வி ஒன்றுதான். அந்தக் கேள்வியே தவறு என்பது மறுநாள்தான் உறைத்தது.

மறுநாள் கடற்கரையை விட்டு உள்ளே, கார்மார்தன்ஷயரில் லான்கதன் என்ற சிற்றூருக்குப் போனோம். மேற்கு வேல்ஸின் பெயர்பெற்ற பேய் 'கான்வில் கோர்ஃப்', அதாவது பிண விளக்கு. சாவுக்கு முன்னால், சாகப்போகிறவரின் வீட்டில் இருந்து கிளம்பி, சவ ஊர்வலம் போகப்போகும் அதே பாதையில் இடுகாடுவரை ஒரு சின்ன வெளிச்சம் போகுமாம். ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை, குழந்தைக்குச் சின்னச் சுடர். என் மக்களுக்குச் சாவு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று புனித டேவிட் வேண்டிப் பெற்ற வரம் இது என்பது அங்குள்ள நம்பிக்கை. பயமுறுத்தும் பேய் இல்லை பாருங்கள். தயாராக இரு என்று சொல்லிவிட்டுப் போகும் பேய்.

ஜான் டேவிஸ் என்பவர் 1656-இல் எழுதிய கடிதம் ஒன்று, 1691-இல் ரிச்சர்ட் பாக்ஸ்டரின் நூலில் அச்சாகி இருக்கிறது. அவர் சொல்லும் சம்பவம் அதற்கும் முப்பத்துநான்கு, முப்பத்தைந்து வருடங்களுக்கு முந்தையது. லான்கதனில் ரட் குடும்பத்து மாளிகை. டேவிஸின் கொழுந்தியாள் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். ஒருநாள் இரவு வீட்டு நிர்வாகத்தைக் கவனிக்கும் அம்மா, வேலைக்காரப் பெண்கள் படுக்கும் அறைக்குள் போனபோது, ஐந்து பிண விளக்குகளை ஒன்றாகப் பார்த்தார். கொஞ்ச நாள் கழித்து அந்த அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்புப் பூச்சு பூசினார்கள். சீக்கிரம் காயட்டும் என்று உள்ளே பெரிய கணப்பில் நிலக்கரியை மூட்டினார்கள். வேலைக்காரப் பெண்கள் ஐந்து பேரும் வழக்கம்போல் அங்கேயே போய்ப் படுத்தார்கள். காலையில் ஐவரும் பிணம்.

அறிவியல் ஆசிரியருக்கு இதில் புதிர் எதுவும் இல்லை. காற்றோட்டம் இல்லாத அறை, எரியும் நிலக்கரி, கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. சுண்ணாம்பும் கரியும் கலந்த ஆவியில் மூச்சடைத்துச் செத்தார்கள் என்று டேவிஸே எழுதியிருக்கிறார். அவருக்கும் காரணம் பாதி தெரிந்திருக்கிறது.

அந்த மாளிகை இப்போது அபர்கிளாஸ்னி தோட்டம் என்ற பெயரில் எல்லோரும் பார்க்கும் இடமாகிவிட்டது. அழகான தோட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் ஊர்த் தேவாலயம். அதனுள்ளே அந்தக் குடும்பத்தின் மூத்தவரான பிஷப் ரட்டுக்குச் சிலையோடு பெரிய கல்லறை. மனைவியும் பக்கத்தில் சிலையாக இருக்கிறார். பேரன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அந்த அஞ்சு பேரும் எங்க தாத்தா?" என்றான்.

நானும் தேடினேன். டேவிஸின் கடிதத்தில் கொழுந்தியாளின் பெயர் இருக்கிறது, எஜமானரின் பெயரும் பட்டமும் இருக்கிறது. செத்த ஐவரின் பெயர் இல்லை. ஈரச் சுவருள்ள அறையில் அவர்களைப் படுக்கவிட்டது யார் என்றும் இல்லை. நானூறு வருடம் கழித்து நாகர்கோவில் பக்கத்தில் இருந்து போன ஒரு வாத்தியாருக்கு அந்தப் பெண்களைப் பற்றித் தெரிகிறது என்றால், அந்த ஐந்து விளக்குகளால்தான். பேய்க்கதையாக இல்லாவிட்டால் அந்தச் சாவை யார் எழுதிவைத்திருப்பார்கள்?

தோழரே, பேய் உண்டென்று நான் சொல்லவில்லை. பேய்க்கதை சொல்பவனை உட்காரவைத்து, "செத்தது யாரப்பா, எப்படிச் செத்தார்?" என்று நாம் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன். நாம் அதைக் கேட்காமல் கதையை மட்டும் அடித்து விரட்டினோம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1980-களின் கடைசி. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது பள்ளி. பின்பக்கம் ஒரு பழைய கிணறு. சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள், கிணற்றுமேல் வெளிச்சம் தெரிகிறதாம், கொள்ளிவாய்ப் பிசாசாம். நான் சும்மா இருப்பேனா? ஏழாம் வகுப்பு முழுவதையும் மாலை ஆறு மணிக்குக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். சதுப்பு வாயு, மீத்தேன் என்று பாடம் நடத்தினேன். (அது எப்படித் தானாகப் பற்றுகிறது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்றுவரை இல்லை என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.) "பேயே, இருந்தால் வெளியே வா" என்று எல்லாரையும் ஒரே குரலில் கத்தச் சொன்னேன். பிள்ளைகள் கத்தினார்கள், சிரித்தார்கள். வட்டாரக் கல்வி அலுவலர்வரை பாராட்டினார்கள்.

ஒரு சிறுமி மட்டும் கத்தவில்லை. மறுநாளில் இருந்து பள்ளிக்கும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துச் சத்துணவு ஆயாதான் சொன்னார்: "அது அவ அம்மா விழுந்த கிணறு சார்." ஏன் விழுந்தாள் என்று நான் கேட்கவில்லை. விழுந்தாளா, தள்ளினார்களா என்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது சிறுமியை வேறு ஊரில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

லான்கதனில் இருந்து திரும்பும்போது காரில் அந்த அம்மாவின் பெயர் என்னவென்று யோசித்துப் பார்த்தேன். சிறுமியின் பெயர் நினைவிருக்கிறது, இங்கே எழுதமாட்டேன். தாயின் பெயர் எனக்கு எப்போதுமே தெரியாது. அந்தக் காலத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரைத்தான் எழுதினோம். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் நேற்று போனில் கேட்டிருக்கிறேன். கிணற்றை மூடி ரொம்ப வருடம் ஆகிவிட்டதாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.