கைக்கு வராத சம்பளம்

"வருஷத்துக்கு நாலரை லட்சம் வாங்குற, மாசம் பத்தாயிரம்கூட எடுத்து வைக்க முடியலையா?" வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகளை, கல்யாண வீட்டில் நாலு பேருக்கு நடுவே நிறுத்தி இப்படிக் கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்த நாலரை லட்சம் எப்போது அந்தப் பிள்ளையின் கைக்கு வந்தது?

என் அக்கா மகள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். வேலை உத்தரவில் சிடிசி, அதாவது நிறுவனம் அவளுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 4,50,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் 37,500. அதில் 3,750 வேரியபிள் பே. ஆண்டு முடிவில், மேலதிகாரியின் மதிப்பீட்டைப் பொறுத்து வரும், வராமலும் போகும். பி.எஃப்.புக்கு அவள் பங்கு 1,800. நிறுவனம் போட வேண்டிய 1,800-ம் இதே 37,500-க்குள்தான். கிராஜுவிட்டி என்று எண்ணூற்றுச் சொச்சம். ஐந்து ஆண்டு அங்கேயே இருந்தால்தான் அது கிடைக்கும். இந்தத் துறையில் அவள் வயதில் எத்தனை பேர் ஐந்து ஆண்டு ஒரே இடத்தில் இருக்கிறார்கள்? காப்பீடும் தொழில் வரியும் போக வங்கிக் கணக்கில் விழுவது 28,500 சொச்சம்.

பி.எஃப். வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயத்தால் சேர்ந்தாலும் அது நல்ல சேமிப்பு. ஆனால் முதலாளி தன் கடமைக்குப் போடும் பணத்தையும் பிள்ளையின் சம்பளம் என்று எழுதிக் காட்டுவதை எப்படிப் பொறுப்பது?

அடுத்தது வீடு. சோழிங்கநல்லூர் பக்கம் தோழியோடு சேர்ந்து தேடினாள். வாடகை 16,000, அட்வான்ஸ் பத்து மாதம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சரி என்று அதே சட்டம் கதவையும் திறந்து வைத்திருக்கிறது. சட்டத்தைச் சொன்னதற்கு, "இஷ்டம்னா பாருங்கம்மா, ஆள் நிறைய இருக்கு" என்றார் புரோக்கர். அவள் பங்கு 80,000. அக்கா நகையை அடகு வைத்துக் கொடுத்தாள். அந்தப் பணத்துக்கு வீட்டுக்காரர் ஒரு பைசா வட்டி தரமாட்டார். அடகுக் கடைக்கு மாதாமாதம் வட்டி போகிறது.

வாடகைப் பங்கு 8,000, கல்விக் கடன் தவணை 5,500, அந்த நகை வட்டியும் சேர்த்து அம்மாவுக்கு 5,000. மீதி பத்தாயிரத்தில் சாப்பாடு, பஸ், கரண்ட் பில், போன் எல்லாம் அடங்கவேண்டும். இந்தப் பிள்ளையிடம்தான் 50-30-20 பாடம் நடத்துகிறார்கள்: பாதி தேவைக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கு. அமெரிக்கச் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் அமெரிக்கக் குடும்பங்களுக்காக எழுதிய கணக்கு அது. பெற்றவளுக்கு அனுப்பும் பணத்துக்கு அதில் எந்தக் கட்டம்? ஐந்நூறு ரூபாய் ஆர்.டி. ஒன்றை அவள் விடாமல் கட்டுகிறாள். அதைப் பாராட்ட ஒருவருக்கும் வாய் வரவில்லை. போன மாதம் வாங்கிய பிரியாணி மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

நிறுவனங்களில் ஆள் எடுக்கிறவர்களே, மாதம் வங்கிக்கு எவ்வளவு வரும் என்பதை வேலை உத்தரவின் முதல் வரியில் போடுங்கள். உறவுக்காரர்களே, அந்தத் தொகையைத் தெரிந்துகொண்டு பிறகு சேமிப்பைப் பற்றிக் கேளுங்கள்.